வலியில்லாமல் நிரம்பிய சிறுநீர்ப்பை: புராஸ்டேட் வீக்கத்தில் எந்த அறுவை, எப்போது என்று முடிவெடுத்த ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

67 வயது ஆண். 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அதற்கு மெட்ஃபார்மின் மட்டும். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து 8 மாதங்கள் ஆகியிருந்தன. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் தினமும் எடுத்து வந்தார்.

புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்த்தாரையைச் சூழ்ந்த சுரப்பி) தொல்லை அதற்கும் முந்தையது. 3 ஆண்டுகளுக்கு முன், இரவில் நான்கு முறை எழ வேண்டியிருக்கிறது, சிறுநீர் தொடங்கத் தாமதமாகிறது, முடித்த பிறகும் சொட்டுகிறது என்று முதலில் வந்தார். ஐ.பி.எஸ்.எஸ். மதிப்பெண் 19. இது சிறுநீர்த் தொல்லையின் கடுமையை அளக்கும், ஏழு கேள்விகள் கொண்ட கணக்கு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 35. 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ஸ்கேனில் புராஸ்டேட் 84 மி.லி., சிறுநீர் கழித்த பின் பையில் மிச்சம் 90 மி.லி., பி.எஸ்.ஏ. (புற்றுநோயிலும் வீக்கத்திலும் இரத்தத்தில் கூடும் புராஸ்டேட் புரதம்) 4.1, சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியாட்டினின் 1.1. விரல் பரிசோதனையில் சுரப்பி மழமழப்பாக, கட்டி ஏதுமின்றி இருந்தது. சிறுநீர்ப்பைக் கழுத்தைத் தளர்த்த டாம்சுலோசின் 0.4 மி.கி., சுரப்பியைச் சுருக்க டுடாஸ்டெரைடு 0.5 மி.கி. தொடங்கினார்கள்.

ஆறு மாதத்தில் மதிப்பெண் 10-க்கு இறங்கியது. ஓராண்டில் பி.எஸ்.ஏ. 2.0. டுடாஸ்டெரைடு பி.எஸ்.ஏ.வை ஏறத்தாழ பாதியாக்கும், ஆகவே இது எதிர்பார்த்த எண்தான். அதன் பிறகு சீட்டு புதுப்பிக்கப்பட்டதே தவிர, மிச்சச் சிறுநீரை யாரும் மறுபடி அளக்கவில்லை. "இப்போ தாராளமா போகுது டாக்டர், முக்க வேண்டியதே இல்லை" என்று அவர் சொன்னது முன்னேற்றம் என்று குறிப்பேட்டில் பதிவானது.

ஸ்டென்ட் வைத்த சமயத்தில் கிரியாட்டினின் 1.6 ஆகியிருந்தது. சர்க்கரையும் ஆஞ்சியோகிராம் மருந்தும் காரணம் என்று கருதப்பட்டது. இரண்டுமே நம்பத்தக்க காரணங்கள் என்பதால்தான் மூன்றாவது காரணத்தை யாரும் தேடவில்லை. வயிற்றை ஒரு முறை ஸ்கேன் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

வந்தபோது கண்டவை

கடந்த ஐந்து மாதமாக இரவில் படுக்கை நனைந்துகொண்டிருந்தது. வயதாகிவிட்டது என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள், அவரும் வெட்கப்பட்டு வெளியே சொல்லவில்லை. பகலில் உள்ளாடை எப்போதும் ஈரம். பசி குறைந்து, கணுக்கால் வீங்கியிருந்தது. மூன்று நாளுக்கு முன் சளிக்காகச் சூடோஎஃபெட்ரினும் குளோர்ஃபெனிரமினும் கலந்த மாத்திரை வாங்கிப் போட்டார். முதலாவது சிறுநீர்ப்பைக் கழுத்தை இறுக்கும், இரண்டாவது பைத்தசையைத் தளர்த்தும். இரண்டாம் நாளிலிருந்து சொட்டு மட்டும்தான்.

வேறொரு இடத்தில் 14 நம்பர் கதீட்டரை (சிறுநீர் வடிக்கும் குழாய், எண் கூடினால் தடிமன் கூடும்) மூன்று முறை முயன்று, இரத்தம் வந்ததால் நிறுத்தி அனுப்பியிருந்தார்கள்.

படுக்க வைத்துப் பார்த்தால் தொப்புள் வரை உருண்டையாக ஒரு மேடு. அழுத்தினால் வலி இல்லை, "ஒரு மாதிரி பாரமா இருக்கு" என்றார், அவ்வளவுதான். திடீரென அடைத்துக்கொண்டவர் இத்தனை நிரம்பிய பையோடு நிமிர்ந்து உட்காரக்கூட முடியாமல் துடிப்பார். இவர் அமைதியாக இருந்ததே இது மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேங்கியது என்று காட்டியது.

இரத்தத்தில் கிரியாட்டினின் 4.6, பொட்டாசியம் 6.1, பைகார்பனேட் 17, ஹீமோகுளோபின் 10.9. இ.சி.ஜி.யில் டி அலைகள் கூர்மையாக உயர்ந்திருந்தன, கூடிய பொட்டாசியம் இதயத்தைத் தாக்குவதன் அடையாளம் அது. ஸ்கேனில் இரு சிறுநீரகங்களும் வீங்கி, பையின் சுவர் 8 மி.மீ. தடித்து, புராஸ்டேட்டின் நடு மடல் பைக்குள் 14 மி.மீ. துருத்தியிருந்தது. 10 மி.மீ.க்கு மேல் துருத்தினால் அது கதவுபோல் வாயை மூடும், மாத்திரைக்கு அதிகம் மசியாது.

முதல் 48 மணி நேரம்

பொட்டாசியத்துக்கு முதலில்: 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. மெதுவாக நரம்பில், பிறகு 10 யூனிட் இன்சுலினுடன் 25 கிராம் குளுக்கோஸ். ஆறு மணி நேரம் மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்கப்பட்டது. மெட்ஃபார்மின் அன்றே நிறுத்தம்.

கதீட்டர் விஷயத்தில் ஒரு வழக்கமான தவறு இருக்கிறது. அடைப்பு என்றதும் கை மெல்லிய குழாயைத் தேடும். சிறுநீர்த்தாரைச் சுருக்கத்துக்கு அது சரி. பெரிய புராஸ்டேட்டில் மெல்லிய குழாய் நடு மடலில் முட்டி வளைந்து திரும்பிவிடும், தடித்ததும் விறைப்பானதுமான குழாய்தான் நேராகப் போகும். இங்கே நுனி மேல்நோக்கி வளைந்த 18 நம்பர் ஃபோலி (நுனியருகே பலூன் உள்ள கதீட்டர்) எடுக்கப்பட்டது. லிக்னோகெய்ன் ஜெல் 20 மி.லி. செலுத்தி ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். வளைந்த நுனியைக் கடிகாரத்தின் 12 மணி திசையிலேயே வைத்து, ஆணுறுப்பை நேராக நிமிர்த்திப் பிடித்து, ஒரே சீரான அழுத்தத்தில் குழாயின் கிளை வரை முழுவதும் உள்ளே செலுத்தினார்கள். சிறுநீர் வரத் தொடங்கியபின்தான் பலூனில் 10 மி.லி. நீர் ஏற்றப்பட்டது. பாதியில் சிறுநீர் எட்டிப் பார்த்ததும் பலூனை ஊதினால் அது புராஸ்டேட்டுக்குள்ளேயே விரியும், குளோபிடோக்ரெல் எடுப்பவருக்கு அந்தக் கிழிசல் பெரிய இரத்தப்போக்காகும். முன்தோலைப் பழையபடி முன்னால் இழுத்துவிட்டது குறிப்பேட்டில் தனி வரியாக எழுதப்பட்டது.

வெளியேறியது 1,900 மி.லி. இடையிடையே குழாயை அடைத்து அடைத்து வடிக்கும் பழைய வழக்கம் பின்பற்றப்படவில்லை. ஒரேயடியாக வடித்தால் சிறிது இரத்தம் கலந்து வரலாம், பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். இவருக்கும் மறுநாள் காலை வரை இளஞ்சிவப்பாக வந்து தெளிந்தது.

அடுத்த சிக்கல் தப்பிய பின் வருவது. அடைப்பு நீங்கிய சிறுநீரகம், தேங்கிய உப்பையும் யூரியாவையும் கொட்டத் தொடங்கும். தொடர்ந்து இரண்டு மணி நேரம் மணிக்கு 200 மி.லி.க்கு மேலோ, 24 மணி நேரத்தில் 3 லிட்டருக்கு மேலோ போனால் கவனம் தேவை. இவருக்கு மூன்றாம் மணி நேரத்திலிருந்து மணிக்கு 350 முதல் 430 மி.லி. வரை போனது.

இரவுப் பணியில் இருந்தவர்கள் போகும் அளவுக்கு அளவாக நார்மல் சலைன் ஏற்றினார்கள். 400 போனால் 400. அக்கறையில் செய்ததுதான், ஆனால் ஏற்றிய உப்பையே சிறுநீரகம் வெளியேற்றிக்கொண்டிருந்தது. நாமே ஊற்றி நாமே அளப்பதாகிவிட்டது. முதல் நாளின் மொத்தம் 7.8 லிட்டர். அவ்வளவு வெளியேறியும் காலையில் எடை 71.4-லிருந்து 72.0 கிலோ ஆகியிருந்தது, கணுக்கால் வீக்கமும் அப்படியே. எடைதான் தவறைக் காட்டிக்கொடுத்தது. உடனே முறை மாற்றப்பட்டது: தாகத்துக்கு வாயால் குடிக்கட்டும், முந்தைய இரண்டு மணி நேர அளவில் பாதி மட்டும் 0.45 சதவீத சலைனாக ஏறட்டும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை சோடியம், பொட்டாசியம், படுத்தும் நின்றும் இரத்த அழுத்தம், இரு வேளை எடை. மாலைக்குள் மணிக்கு 210 மி.லி.க்கு வந்தது. மூன்றாம் நாள் எடை 68.9, கிரியாட்டினின் 2.9. ஏழாம் நாள் 2.1.

கதீட்டரை எடுத்துப் பார்க்கலாமா

நான்காம் நாள் அவர் கேட்டது இதைத்தான். திடீர் அடைப்பு வந்தவருக்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரை கொடுத்து இரண்டு மூன்று நாளில் குழாயை எடுத்துப் பார்ப்பது நல்ல நடைமுறை, பலருக்குத் தானாகப் போய்விடும். இவருக்கு அது மறுக்கப்பட்டது. காரணம், சளி மாத்திரை போடும்வரை இவருக்குச் சிறுநீர் போகாமல் இருந்ததில்லை. போய்க்கொண்டிருந்தபோதேதான் சிறுநீரகம் கெட்டது. குழாயை எடுத்தால் அவருக்குப் போகும், அவரும் மகிழ்வார், உள்ளே மறுபடி ஒரு லிட்டர் சேரும், அழுத்தம் மேலேறும். "போகிறதா?" என்ற கேள்வி இவர் விஷயத்தில் பயனற்றது. "எவ்வளவு நிற்கிறது?" என்பதே கேள்வி.

அப்படியானால் அறுவையை உடனே செய்துவிடலாமே? தடை இதயம். மாரடைப்புக்கு வைத்த ஸ்டென்ட்டுக்கு இரட்டை மருந்து 12 மாதம் என்பது பொது விதி. இடையில் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கலாம், நிறுத்தாமல் செய்தால் இரத்தம் நிற்காது. தவிர்க்க முடியாவிட்டால் சீக்கிரம் நிறுத்தலாம் என்றார் இதய மருத்துவர். ஆனால் பை வடிந்துகொண்டிருக்கும் வரை தவிர்க்க முடியாத அவசரம் இல்லை. நான்கு மாதம் தள்ளிப்போட முடிவானது.

அந்த நான்கு மாதம்

முதல் ஆறு வாரம் உள்ளேயே குழாய், நான்காம் வாரம் ஒரு முறை மாற்றம். கிரியாட்டினின் 1.7-இல் நின்றதும் அவரே தன் கையால் குழாய் விட்டு வடித்துக்கொள்ளும் முறை கற்றுத்தரப்பட்டது. அடிவயிற்றில் துளையிட்டுக் குழாய் வைப்பதும் பேசப்பட்டது, இரட்டை மருந்தில் இருப்பவருக்கு அந்தக் குத்து வேண்டாம் என்று விடப்பட்டது.

சுயமாகக் கதீட்டர் விடுவது கேட்கும்போது பயமாக இருக்கும். கற்றுத்தந்த செவிலியர் அவருக்கு மூன்று அமர்வு எடுத்துக்கொண்டார். நீரில் நனைத்தால் வழுக்கும் 14 நம்பர் குழாய், நுனி வளைந்தது. குழாயின் புனல் முனையில் உள்ள கோடு எப்போதும் மேலே பார்க்க வேண்டும், அதுதான் உள்ளே நுனி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு அடையாளம். தடுக்கும் இடத்தில் தள்ளாமல் அழுத்தத்தை மட்டும் வைத்து, ஆழ மூச்சு விட்டு, இருமினால் தசை நெகிழ்ந்து வழிவிடும். ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் 400 மி.லி.க்கு மேல் போகாதபடி இடைவெளி. முதல் வாரம் இரண்டு முறை இரத்தக் கோடு தெரிந்தது. ஒரு முறை காய்ச்சலுடன் தொற்று வந்து ஏழு நாள் மருந்தில் அடங்கியது.

அவர் எழுதிவந்த கணக்குப் புத்தகம் இன்னொரு வகையில் உதவியது. தானாகப் போனது ஒரு கட்டம், குழாயில் வந்தது ஒரு கட்டம். எட்டாம் வாரத்தில் தானாகப் போனது 60, 80 என்றும் குழாயில் 350, 380 என்றும் இருந்தன. அறுவைக்குப் பின் ஒப்பிட இதைவிட நேர்மையான பதிவு கிடைக்காது.

பி.எஸ்.ஏ. சிக்கல்

வந்த அன்று எடுத்த பி.எஸ்.ஏ. 12.8. அடைப்பும் குழாய்க் காயமும் இருக்கும்போது அந்த எண்ணுக்குப் பொருளில்லை, எடுத்திருக்கவே வேண்டாம். கவலை தந்தது அதற்கு நான்கு மாதம் முன் எடுத்த 3.9. ஆய்வகத் தாளில் 4 வரை இயல்பு என்று அச்சிட்டிருந்ததால் யாரும் நிற்கவில்லை. டுடாஸ்டெரைடு எடுப்பவருக்கு இதை இரட்டிக்க வேண்டும், அப்போது ஏறத்தாழ 8. அதைவிட முக்கியம், 2.0-லிருந்து 3.9 ஆனது. இந்த மருந்தில் இருக்கையில் அடிமட்ட எண்ணிலிருந்து ஏறினால் புற்றுநோயைத் தேட வேண்டும், இல்லை மருந்து வயிற்றுக்குள் போகவில்லை.

"மாத்திரை ஒழுங்கா எடுக்கிறீங்களா?" என்று கேட்டபோதெல்லாம் ஆம் என்றவர், மாத்திரை அட்டைகளை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக "இது எப்போ, எத்தனை?" என்று கேட்டபோது சொன்னார்: டுடாஸ்டெரைடை 14 மாதமாக எடுப்பதில்லை. உடலுறவில் நாட்டமே போய்விட்டது என்பது காரணம். மகன் கூட இருக்கும்போது அதைச் சொல்ல முடியவில்லை.

பத்தாம் வாரத்தில் மறுபடி எடுத்த பி.எஸ்.ஏ. 5.1. சிறுநீரகத்தை நினைத்து மருந்து செலுத்தாமல் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் புராஸ்டேட் 96 மி.லி., சந்தேகப் பகுதி ஏதுமில்லை. பி.எஸ்.ஏ.வைக் கன அளவால் வகுத்தால் 0.053. புற்றுநோய் ஐயம் எழும் 0.15-க்கு வெகு கீழே. பயாப்ஸி தேவையில்லை என்று முடிவானது.

பைக்கு வலு இருக்கிறதா

சர்க்கரை நோய், மாதக்கணக்கில் விரிந்து கிடந்த தசை. அடைப்பை நீக்கினாலும் தள்ளும் வலு இல்லாவிட்டால் அறுவை வீண் என்ற ஐயம் நியாயமானது. ஆகவே பையின் அழுத்தச் சோதனை. முதல் உணர்வு 410 மி.லி.யில்தான் வந்தது, கொள்ளளவு 720. அதிகபட்ச வேகம் விநாடிக்கு 4 மி.லி., அப்போது தசையின் அழுத்தம் 52 செ.மீ. நீர். கணக்கு எளிது. அழுத்தத்திலிருந்து வேகத்தின் இருமடங்கைக் கழித்தால் 44, 40-க்கு மேல் என்றால் அடைப்பு உண்டு. அழுத்தத்தோடு வேகத்தின் ஐந்து மடங்கைக் கூட்டினால் 72, 100-க்குக் கீழ் என்றால் தசை பலவீனம். அதாவது இரண்டும் உண்டு.

அவரிடம் சொல்லப்பட்டது: அடைப்பு இருப்பது உறுதி, நீக்கினால் பயன் உண்டு, ஆனால் சில வாரமோ நிரந்தரமாகவோ குழாய் விட வேண்டிவரலாம். இந்த வாக்கியம் ஒப்புதல் படிவத்திலும் கையால் எழுதப்பட்டது.

எந்த அறுவை

இங்கே விளம்பரங்களும் உறவினர்களும் சொல்லும் பெயர்கள் நிறைய. ஒவ்வொன்றையும் இவருடைய நான்கு நிலைமைகளோடு உரசிப் பார்த்தார்கள்: 96 மி.லி. அளவு, துருத்திய நடு மடல், பலவீனமான பை, நிறுத்தக் கூடாத ஆஸ்பிரின்.

யூரோலிஃப்ட் எனும் இழுத்துக் கட்டும் சிறு நங்கூரங்கள் விந்து வெளியேற்றத்தைக் காக்கும், ஆனால் திசுவை எடுப்பதில்லை. துருத்திய மடலும் இந்த அளவும் அதற்குப் பொருந்தாது. நீராவி செலுத்தும் ரெசூம் 30 முதல் 80 மி.லி. வரையிலான சுரப்பிகளில் சோதிக்கப்பட்டது. திசு வாடிச் சுருங்க வாரங்கள் ஆகும், இடையில் வீங்கும். புராஸ்டேட்டின் இரத்தக்குழாயை அடைப்பது மயக்க மருந்தின்றி, இரத்த மருந்தோடும் செய்யலாம் என்பது பெரிய கவர்ச்சி. ஆனால் 1.6 கிரியாட்டினினில் எக்ஸ்ரே மருந்து, அதற்குமேல் அடைப்பு பாதிதான் குறையும். வலுவான பைக்கு அந்தப் பாதி போதும், இவருக்குப் போதாது.

டர்ப் எனப்படும் உட்புறம் சுரண்டும் அறுவைதான் எல்லாவற்றுக்கும் அளவுகோல், 30 முதல் 80 கிராம் வரை அதற்கு இணை குறைவு. ஒற்றை முனை மின்சாரத்தில், அறுவையின்போது கழுவ விடும் 1.5 சதவீதக் கிளைசீன் நீர் உடலில் உறிஞ்சப்பட்டுச் சோடியம் விழும், அதனால் 60 நிமிடத்துக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். இரு முனைக் கருவியில் சலைன் என்பதால் அந்த ஆபத்து இல்லை. இருந்தாலும் 96 மி.லி.யில் நேரம் நீளும், பாதி திசு தங்கும். செய்யக் கூடாதது என்றில்லை. லேசர் வசதி இல்லாத இடத்தில் இவருக்கு அதுவே நல்ல தேர்வாக இருந்திருக்கும்.

பச்சை லேசர் (532 நானோமீட்டர்) இரத்தப்போக்கில் நல்ல பெயர் பெற்றது. ஆனால் ஆவியாக்குவதால் பரிசோதனைக்குத் திசு கிடைக்காது, பி.எஸ்.ஏ. குழப்பம் இருந்த இவருக்குத் திசு வேண்டும். வயிற்றைத் திறந்து எடுக்கும் அறுவையில் சுரப்பியின் வீங்கிய உள்பகுதி முழுதும் வரும். காயம், இரத்தம், நீண்ட படுக்கை ஆகியவை அதன் விலை.

தேர்ந்தது ஹோலெப்: ஹோல்மியம் லேசரால் சுரப்பியின் உள்மடல்களை உறையிலிருந்து உரித்துப் பைக்குள் தள்ளி, அங்கே துண்டாக்கி உறிஞ்சி எடுப்பது. ஆரஞ்சுச் சுளையைத் தோலிலிருந்து பிரிப்பது போல. அளவுக்கு உச்சவரம்பு இல்லை, திசு கிடைக்கும், உரித்த தளத்திலேயே இரத்தக்குழாய்களை அடைக்க முடியும். குறை: கற்றுக்கொள்ள நெடுநாள் பிடிக்கும் அறுவை, கை பழகாதவரிடம் பலன் மாறும். முதல் வாரங்களில் சிறுநீர்க் கசிவு டர்ப்பைவிடக் கூடுதலாகத் தென்படும்.

விந்து பின்னோக்கிப் பைக்குள் போய்விடும் என்பது தனியே பேசப்பட்டது, மகனை வெளியே அனுப்பிவிட்டு. ஏறத்தாழ நான்கில் மூவருக்கு அப்படி ஆகும். விறைப்பு பொதுவாகக் கெடாது, உச்ச உணர்வு இருக்கும், விந்து மட்டும் வெளிவராது. மாத்திரையை அவர் எதற்காக நிறுத்தினார் என்று தெரிந்திருந்ததால்தான் இந்தப் பேச்சு சரியாக நடந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

அறுவை: 19-ஆம் வாரம்

ஸ்டென்ட் வைத்து 12 மாதம் கடந்தபின் குளோபிடோக்ரெலை ஒரேயடியாக நிறுத்த இதய மருத்துவர் எழுதினார். ஏழு நாள் இடைவெளி, ஆஸ்பிரின் 75 மி.கி. தொடர்ந்தது. முன்கூட்டி எடுத்த சிறுநீர் வளர்ப்புச் சோதனையில் ஈ.கோலை கிருமி வளர்ந்ததால், அதற்குக் கேட்கும் மருந்து மூன்று நாள் முன்பே தொடங்கியது. கதீட்டர் விடுபவர்களுக்குக் கிருமி இருப்பது இயல்பு, தொல்லை இல்லையென்றால் மருந்து வேண்டாம். அறுவைக்கு முன் மட்டும் கட்டாயம் வேண்டும்.

முதுகில் மயக்க ஊசி, 26 நம்பர் கருவி, சலைன், லேசர் 2 ஜூல், விநாடிக்கு 40 துடிப்பு. நடு மடல் முதலில், பிறகு இடம், வலம். கீழ்நுனியில் சுருக்குத்தசைக்கு மேலே சளிச்சவ்வை முன்கூட்டியே வெட்டி விடுவித்தார்கள். உரிக்கும்போது இழுபடும் அந்தச் சவ்வுதான் தசையையும் இழுத்துக் காயப்படுத்திப் பின்னாளில் கசிவு தரும். உரிக்க 62 நிமிடம்.

துண்டாக்கும் கட்டத்தில் இரத்தம் கலந்து பார்வை மங்கியது. கருவியின் பற்கள் திசுவுக்கும் பைச் சுவருக்கும் வேற்றுமை அறியாது. உடனே நிறுத்தி, லேசரோடு திரும்பிப் போய், கழுத்தருகே கசிந்த இரண்டு குழாய்களை அடைத்து, இரு வழியாகவும் நீர் விட்டுப் பையை நன்றாக விரித்தபின் தொடர்ந்தார்கள். பதினான்கு நிமிட வேலை இருபத்தைந்து ஆனது. 68 கிராம் திசு. 22 நம்பர் மூவழிக் குழாயும் தொடர் நீரோட்டமும் 18 மணி நேரம்.

அறுவைக்குப் பின்

இரண்டாம் நாள் குழாய் எடுத்ததும் 180 மி.லி. போனது, மிச்சம் 480. வேறொருவருக்கு இது மறுபடி உள்குழாய் போட வேண்டிய நிலை. இவருக்குத்தான் கை பழகியிருக்கிறதே. நாளுக்கு மூன்று முறை சுயமாக வடித்துக்கொள்ளச் சொல்லி மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒன்பதாம் நாள் இரவு, சிறுநீர் கட்டிகட்டியாகச் சிவந்து, பிறகு நின்றே போய் திரும்பி வந்தார். ஹீமோகுளோபின் 11.2-லிருந்து 9.8. காரணம் இரண்டு. மூன்று நாள் மலச்சிக்கலில் முக்கியது ஒன்று. மற்றொன்று, வீட்டில் மிச்சமிருந்த குளோபிடோக்ரெலை அவர் மறுபடி தொடங்கியிருந்தார். விடுப்புச் சீட்டில் "இதய மாத்திரைகளைத் தொடரவும்" என்று எழுதியிருந்தது. அவர் அதன்படிதான் நடந்தார்.

கட்டி அடைத்த பைக்கு நேராக நீரோட்டத்தைத் திறந்துவிடக் கூடாது. வெளியே போக வழியில்லாமல் பை உப்பும். முதலில் 22 நம்பர் மூவழிக் குழாய் போட்டு, 60 மி.லி. அகலவாய் ஊசிக்குழலில் சலைன் எடுத்து, 50 மி.லி. வேகமாகத் தள்ளி உடனே இழுப்பது. இழுக்கும்போது வராவிட்டால் குழாயை ஒரு விரலளவு முன்பின் நகர்த்தி, சுற்றித் திருப்பி மறுபடி. உள்ளே விட்டதும் வெளியே வந்ததும் கணக்கு வைக்கப்பட்டன. நாற்பது நிமிடத்தில் கருஞ்சிவப்புக் கட்டிகள் ஏறத்தாழ 250 மி.லி. வந்தன. தெளிந்த பின்னரே நீரோட்டம். இரத்தம் ஏற்றவோ மறு அறுவையோ தேவைப்படவில்லை. இரண்டு நாளில் வீடு திரும்பினார், மலம் இளக்கும் மருந்துடன், ஒவ்வொரு மாத்திரையின் பெயரும், நிறுத்தியவற்றின் பெயரும் தனித்தனியாக எழுதிய சீட்டுடன்.

மூன்றாம் வாரத்தில் எழுந்து நிற்கும்போதும் தும்மும்போதும் கசிவு, நாளுக்கு இரண்டு பேட். இடுப்புத் தளத் தசைப் பயிற்சி. பத்தாம் வாரம் பேட் நின்றது. மிச்சச் சிறுநீர் படிப்படியாக இறங்கி, ஏழாம் வாரத்தில் தொடர்ந்து இரு முறை 150-க்குக் கீழ் வந்ததும் சுயக் கதீட்டர் நிறுத்தப்பட்டது.

திசுப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை. மூன்றாம் மாதம்: வேகம் விநாடிக்கு 13 மி.லி., போனது 240, மிச்சம் 110, ஐ.பி.எஸ்.எஸ். 7, பி.எஸ்.ஏ. 0.6. இந்த 0.6 தான் இனி அவருடைய இயல்பு. 2 ஆனாலும் தாள் "இயல்பு" என்றே சொல்லும், அவருக்கு அது இயல்பில்லை என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதியாயிற்று. விந்து வெளிவரவில்லை, அதைப் பற்றிக் குறையும் சொல்லவில்லை. மெட்ஃபார்மின் பாதி அளவில் மறுபடி தொடங்கியது.

மாற்றிக்கொண்டவை

மாத்திரையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொரு முறையாவது சிறுநீர் கழித்தபின் ஸ்கேன், மதிப்பெண் எவ்வளவு குறைந்திருந்தாலும். இவருடைய மதிப்பெண் குறைந்ததில் ஒரு பங்கு மருந்தால் வந்தது. இன்னொரு பங்கு, பை உணர்வை இழந்து அவசரமும் முக்கலும் நின்றதால் வந்தது. இரண்டையும் கேள்வித்தாள் பிரித்துக் காட்டாது. முதியவர் படுக்கையை நனைக்கிறார் என்றால் அடிவயிற்றில் கை வைத்துப் பார்க்காமல் வயதைக் காரணம் சொல்வதில்லை. சர்க்கரை நோயாளியின் கிரியாட்டினின் ஏறினாலும் சிறுநீரக ஸ்கேன் உண்டு.

டுடாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு எடுப்பவர்களின் ஆய்வகக் கோரிக்கைத் தாளில் மருந்தின் பெயர் எழுதப்படுகிறது. மாத்திரை பற்றிய கேள்வி உறவினர் இல்லாத நேரத்தில், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு. அடைப்பு நீங்கியவர்களின் திரவக் கணக்கில் எடை ஒரு கட்டாயக் கட்டம். விடுப்புச் சீட்டில் "இதய மாத்திரை", "பழைய மாத்திரை" என்ற சொற்களுக்கு இடமில்லை.

மாற்ற விரும்பியும் இன்னும் முடிவாகாதது ஒன்று. 12 மாதம் முடியக் காத்திராமல் குளோபிடோக்ரெலை நிறுத்தி இரண்டு மாதம் முன்னதாகவே அறுவை செய்திருக்கலாமா என்று குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஒரு தொற்றையும் இரண்டு மாதக் குழாய் வாழ்க்கையையும் தவிர்த்திருக்கலாம் என்பது ஒரு பக்கம். அந்த நாட்களில்தான் சிறுநீரகம் தேறியது, கை பழகியது, ஸ்டென்ட் பத்திரமாக இருந்தது என்பது மறுபக்கம்.

12-ஆம் மாதப் பதிவு: மிச்சம் 90 மி.லி., இரவில் இரு முறை எழுகிறார், சிறுநீரக வீக்கம் இல்லை. கிரியாட்டினின் 1.5. முதன்முதலில் வந்தபோது 1.1 இருந்தது, இடைப்பட்ட அந்த 0.4 திரும்பவில்லை.